எண்ணப்படாத மரக்கால்

அரசர் பலர் ஆண்டு மறைந்து, அவர்களுடைய பெயர்களையும் மக்கள் மறந்துபோன ஒரு பழங்காலத்தில், தென்கடலோரத்தில் உப்பு விளைவிக்கும் ஊர் ஒன்று இருந்தது. அங்கே நூறு குடும்பங்கள் வாழ்ந்தன. நூறு குடும்பங்களும் கடனில் வாழ்ந்தன. கடன் கொடுத்தவர் ஒருவரே. சிறியோரும் பெரியோரும் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். இது சிரித்துக்கொண்டே கேட்கும் கதையன்று.

அந்த ஊரில் நெல் விளையாது. தை மாதத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். பங்குனி வெயிலில் உப்புப் பூக்கும். புரட்டாசி முடிவதற்குள் வாரிக் குவித்துவிடவேண்டும். ஐப்பசி மழை இறங்கினால், அள்ளாத உப்பெல்லாம் வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிடும்.

உப்பளத்தின் ஓரத்தில் ஒரு கல் நின்றது. அதை அளங்காத்தாள் என்று கும்பிட்டார்கள். அவளுக்குக் கூரை இல்லை, கோபுரம் இல்லை. பக்கத்தில் ஒரு மண்குதிர் மட்டும் இருந்தது. அந்தக் குதிரில் கிடக்கும் உப்பு யாருக்கும் உரியதன்று. ஆகையால் யாருமற்றவர்களுக்கு உரியது. கணவனை இழந்தவள், கால் முடங்கியவன், வழிதவறி வந்த பரதேசி ஆகிய மூவரும் அதில் அள்ளிக்கொண்டு போய்த் தானியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

குதிரில் உப்பு எப்படி வந்தது? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த ஊரார் குவியலை அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்று சொல்வார்கள். அந்த மரக்கால் அளங்காத்தாளுடையது. அதைத் தனியே கொட்டிவிட்டு, அடுத்த மரக்காலையே ஒன்று என்று எண்ணுவார்கள். அளந்து முடித்தபின் அந்த லாபத்தைத் தலையில் சுமந்துபோய்க் குதிரில் சேர்ப்பார்கள். தெய்வத்துக்குக் கொடுத்ததை எண்ணுவது பாவம் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் கதவு திறந்து கிடந்தது.

திறந்த கதவைக் கடன் கொடுப்பவர் வீடு கண்டுகொண்டது. அரியநாயகம் என்ற வணிகரின் பாட்டனார், “நீங்கள் ஏன் சுமக்கவேண்டும்? லாபத்தை என் களத்தில் விட்டுவிடுங்கள், நான் சேர்ப்பித்துவிடுகிறேன்” என்றார். அவர் காலத்தில் குவியலுக்கு ஒரு லாபம். அவருடைய மகன் காலத்தில் நூறு மரக்காலுக்கு ஒரு லாபம். அரியநாயகம் காலத்தில் பத்து மரக்காலுக்கு ஒரு லாபம். யாரும் எண்ணவில்லை. எண்ணுவது பாவமல்லவா?

அந்த ஊரில் இருளப்பன் என்பவன் மனைவி ஆவுடையாளோடு வாழ்ந்துவந்தான். உழைப்பில் குறையில்லாதவன். பக்தியிலும் குறையில்லாதவன். அவனுடைய குறை ஒன்றே: தெய்வத்துக்குக் கொடுப்பதைக் கடன் வாங்கிக் கொடுத்தான்.

திருமணமாகி நான்கு ஆண்டுகள் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுவதாக வேண்டிக்கொண்டான். மகன் பிறந்தான், திருமேனி என்று பெயரிட்டார்கள். அரியநாயகத்திடம் கடன் வாங்கிக் கிடா வெட்டினான்.

திருமேனிக்கு ஐந்து வயதில் அம்மை கண்டு கண்கள் மூடிக்கொண்டன. கண் திறந்தால் வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டான். கண் திறந்தது. மறுபடியும் கடன் வாங்கினான்.

வட்டி ஏறியது. அந்நாளில் ஓலையில் எழுதும் கடனுக்கு வீட்டுப் பிள்ளையே ஈடு. திருமேனிக்குப் பதினான்கு வயதானபோது, தவணை தவறியதென்று அவனை அரியநாயகத்தின் தோணியில் ஏற்றினார்கள். மகன் நலமாகத் திரும்பவேண்டும் என்று இருளப்பன் மூன்றாம் முறை வேண்டிக்கொண்டான். இந்த முறை திரும்பும்வரை காத்திருக்கவில்லை. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் தெய்வம் கட்டுப்படும் என்று எண்ணி, கடன் வாங்கி மூன்று கிடாக்களை வெட்டினான்.

தோணி திரும்பவில்லை. கடன் மட்டும் கரையில் நின்றது.

வீட்டில் இன்னும் ஒரு பிள்ளை இருந்தாள். செம்பவளம் என்று பெயர்; வயது பத்து. பாக்கிக்கு இப்போது அவளே ஈடு. முந்நூறு மரக்கால் உப்பு வரும் புரட்டாசி கடைசி நாளுக்குள் அரியநாயகத்தின் களத்தில் சேரவேண்டும்; சேராவிட்டால் செம்பவளம் துறைமுகப் பட்டினத்தில் உள்ள அவருடைய பெரிய வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டுக்குப் போன பெண்கள் ஊருக்குத் திரும்பி யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தை மாதத்தில் ஆவுடையாள் தனியாகக் கல்லின் முன்னே போய் நின்றாள். அவள் எதையும் வேண்டவில்லை.

“தாயி, இத்தனை வருஷமா உன்னைத் தரகு பேசுற ஆளைப்போல நடத்திட்டோம்” என்றாள். “இனி உன் பேரைச் சொல்லிக் கடன் வாங்கமாட்டேன். உன் பங்கை வேற கையில குடுக்கமாட்டேன். மிச்சத்தை எண்ணாமச் செலவழிக்கமாட்டேன். இந்த மூணையும் நான் பார்த்துக்கிடுதேன். மத்ததை நீ பார்த்துக்க.”

அன்று முதல் அந்த வீட்டில் பத்து மரக்கால் உப்பு வாரினால், ஒன்று குதிருக்குப் போனது. ஐந்து கடனுக்குப் போனது. நான்கு வயிற்றுக்குப் போனது. குதிருக்கு உரியதை முதலில் எடுத்து அவளே சுமந்து சென்றாள். ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு சிப்பியைப் பானையில் போட்டு எண்ணினாள். தெய்வத்தின் மரக்காலுக்கும் சிப்பி போட்டாள். பார்த்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான்கு பங்கு மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. சித்திரை வெயிலில் ஒருவேளைக் கஞ்சி. வைகாசியில் அந்தக் கஞ்சியிலும் தண்ணீர். செம்பவளத்தின் முழங்கால் எலும்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது.

“பத்துல நாலை வச்சு மூணு உசுரு எப்படி ஏளா தாங்கும்?” என்றான் இருளப்பன். “சாமிக்குப் போற ஒண்ணையாவது இங்க வையி. சாமிக்கு வயிறு கிடையாது.”

“வயிறு இருந்தா அவளே கேட்டு வாங்கிக்கிடுவா” என்றாள் ஆவுடையாள். “கேக்கத் தெரியாதவ பங்கை நாமதான் ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேக்கணும்.”

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, “ஆவுடையா வீட்டுல பூனைகூட விரதமாமே” என்று வேலிக்கு அப்பாலிருந்து சொன்னாள்.

“பூனை விரதமெல்லாம் இல்ல மதினி, அது உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துருச்சு. அதுக்குக் கடன் இல்ல பாருங்க, நினைச்ச இடத்துக்குப் போகும்” என்றாள் ஆவுடையாள்.

இப்படியே ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. புரட்டாசி பிறந்தபோது வீட்டு முற்றத்தில் பனையோலை மூடிய உப்புக் குவியல் ஆள் உயரத்துக்கு நின்றது. பானையில் கடனுக்குரிய சிப்பிகள் இருநூற்று எண்பது. இன்னும் இருபதுதான்.

அப்போது வானம் கறுத்தது. பருவத்துக்கு முன்னே மேகம் வந்து கூடியது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் அது விலகாமல் நின்றது. பனையோலை தூறலைத் தாங்கும், பெருமழையைத் தாங்காது. இருளப்பன் குவியலைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். இருபது ஆண்டுகளாகப் பழகிய வழி அவனை அழைத்தது.

மனைவிக்குத் தெரியாமல் அரியநாயகத்திடம் போனான். கிடா ஒன்றின் விலையைக் கேட்டான். “நாற்பது மரக்கால் உப்புக்கு எழுதிக்கொள்வோம்” என்றார் அவர். “நாள் அதே நாள்தான். ஈடும் அதே ஈடுதான்.” இருளப்பனுக்கு எழுதத் தெரியாது. புதிய ஓலையின் அடியில் எழுத்தாணியால் ஒரு கீறல் போட்டான்.

அரை நாள் நடைத் தொலைவில் இருந்த எல்லைக் காவல் தெய்வத்திடம் போய், மழையை நிறுத்தும்படி கேட்டுக் கிடாவை வெட்டினான். மேகம் கலைந்தது. அது காற்றினால் கலைந்ததா, கிடாவினால் கலைந்ததா என்பதை நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். காற்று நாற்பது மரக்கால் கேட்பதில்லை.

வீட்டுக்கு வரும்போது இலையில் கொஞ்சம் கறி கொண்டுவந்தான். தோணிக்காரன் ஒருவன் கொடுத்ததாகச் சொன்னான். செம்பவளம் இலையை வழித்துத் தின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறு நிறைந்தது. நிறைத்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

புரட்டாசி கடைசி நாள் வந்தது. அது கணக்கு நாள். நூறு குடும்பங்களும் அன்றுதான் உப்பைக் கொண்டுவந்து அரியநாயகத்தின் களத்தில் அளந்து கொட்டும். ஊர்ச்சபையும் சாட்சிக்காகக் களத்திலேயே அமரும். மாலைக்குள் எந்த வீட்டு முற்றத்திலும் ஒரு மரக்கால் உப்பு மிஞ்சியிருக்காது.

எல்லோரும் அளந்து முடித்தபின் ஆவுடையாளின் முறை வந்தது. ஈடு என்பதற்கு அடையாளமாகச் செம்பவளத்தைக் களத்துத் தூணின் அருகில் நிறுத்தியிருந்தார்கள்.

“என்ன ஆவுடையா, நீயே கணக்கு வச்சிருக்கியாமே” என்றார் அரியநாயகம். “சொல்லியிருந்தா ஓலையும் எழுத்தாணியும் குடுத்திருப்பேனே. அதுக்கு வட்டி போடமாட்டேன்.”

களத்தில் சிலர் சிரித்தார்கள். கடன்காரர் கேலி பேசினால் சிரிப்பது கடன்பட்டவர்களின் வழக்கம்.

“சிப்பி கடல்ல சும்மா கெடக்குதுங்க ஐயா” என்றாள் அவள்.

அளவுகாரன் கூத்தன் மரக்காலை உப்பில் அமிழ்த்தித் தலைதட்டித் தூக்கினான். “லாபம்” என்றான்.

“நிறுத்துங்க அண்ணாச்சி” என்றாள் ஆவுடையாள். “அவ பங்கை இந்த வருஷம் நானே குதிர்ல சேத்துட்டேன். அறுவது மரக்கால். பூசாரி பாத்திருக்காரு. இங்க ஒண்ணுல இருந்து எண்ணுங்க.”

கூத்தன் தூக்கிய மரக்காலைக் கொட்டாமல் நின்றான். “ஒண்ணுன்னு தொடங்கி இந்தக் களத்துல யாரும் அளந்ததில்ல, தாயி.”

இப்போது அவள் முன்னே இருந்த நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அவளிடம் சரியாக முந்நூறு மரக்கால் இருந்தது. பத்துக்கு ஒரு லாபம் போனால் முப்பது மரக்கால் குறையும். முப்பது குறைந்தால் மகள் போவாள்.

ஆவுடையாள் சபையைக் கும்பிட்டாள். கூத்தனிடம் மூன்று கேள்விகள் கேட்க அனுமதி வேண்டினாள். சபைத் தலைவர் தலையசைத்தார்.

“போன வருஷம் எங்க குவியலுக்கு எத்தனை தடவை லாபம்னு சொன்னீங்க, அண்ணாச்சி?”

கூத்தன் இந்த ஊர் உப்பைத் தின்று வளர்ந்தவன். சபையில் பொய் சொல்லத் தெரியாதவன். “இருபத்தெட்டுத் தடவை.”

“அந்த இருபத்தெட்டும் எங்க போச்சு?”

“ஐயா வீட்டுப் பண்டசாலைக்கு.”

“அங்க இருந்து குதிருக்கு எத்தனை போச்சு?”

கூத்தன் மரக்காலைத் தரையில் வைத்தான். குதிர் பல ஆண்டுகளாக அடி தெரியக் கிடந்ததை ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். யாருமற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பியதையும் பார்த்திருந்தார்கள். பார்த்ததையும் எண்ணாததையும் அன்றுதான் முதன்முதலாகச் சேர்த்து நினைத்தார்கள். களத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

அரியநாயகம் அறிவாளி. நெருப்பு ஒரு வீட்டில் இருக்கும்போதே அணைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி இனிமையாகப் பேசினார்.

“ஆவுடையா சொல்றது நியாயம். நான் மறுக்கல. அவ குடுத்த லாபத்தை அவளே எடுத்துக்கட்டும். இத்தனை வருஷத்து லாபத்தையும் அவ கணக்குல வரவு வச்சிடுதேன். பழசும் புதுசும் எல்லாம் தீந்துபோச்சு. ஓலையைக் கிழிச்சிடலாம். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா.”

இருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். “சரின்னு சொல்லு ஏளா” என்றான்.

‘புதுசும்’ என்ற சொல் ஆவுடையாளின் காதில் உறுத்தியது. ஆனால் அவள் மனம் வேறொன்றில் நின்றது. லாபம் அவளுடையது என்றால், அரியநாயகம் பதில் சொல்லவேண்டியது ஒரு வீட்டுக்கு. லாபம் தெய்வத்துடையது என்றால், அவர் பதில் சொல்லவேண்டியது நூறு வீட்டுக்கு, மூன்று தலைமுறைக்கு. அவர் எதற்காக இனிக்கப் பேசுகிறார் என்பது அவளுக்கு விளங்கியது. தூணருகில் மகள் நின்றதும் தெரிந்தது. அவள் மகளையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அந்த உப்பு என்னுதுன்னா ஐயா சொல்றது சரி. அது என்னுது இல்ல. அவ பேரைச் சொல்லி என் கையால குடுத்தது. இப்ப அதை நான் வாங்கிக்கிட்டா, நீங்க எடுத்துக்கிட்டதும் தப்பில்லைன்னு ஆயிரும். அவளோடதை அவகிட்ட சேருங்க. எனக்கு ஒண்ணுல இருந்து எண்ணுங்க.”

சபை கூடிப் பேசியது. பின்னர்த் தலைவர் தீர்ப்புச் சொன்னார். மூன்று தலைமுறையாகப் பெற்ற லாபம் முழுவதையும் அரியநாயகம் வருகிற தை முதல் தவணையாகக் குதிரில் சேர்க்கவேண்டும். இனி லாபத்தைக் கொடுக்கிறவரே சுமந்து செல்லவேண்டும். எல்லாக் களத்திலும் ஒன்று முதல் எண்ணவேண்டும்.

கூத்தன் மறுபடியும் மரக்காலை எடுத்தான். “ஒன்று” என்றான். முதல் மரக்காலுக்கு அந்தச் சொல்லை அந்தக் களம் முதன்முதலாகக் கேட்டது. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை நீண்டது. முந்நூறாவது மரக்கால் தலைதட்டி நிறைந்தபோது தரையில் ஒரு கைப்பிடி உப்பே மிஞ்சியது. சபைத் தலைவர் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

செம்பவளம் தூணை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“அங்கேயே நில்லு” என்றார் அரியநாயகம்.

மடியிலிருந்து இன்னோர் ஓலையை எடுத்தார். பச்சை நிறம்கூட மாறாத ஓலை. நாற்பது மரக்கால்; அதே நாள்; அதே ஈடு. அடியில் ஒரு கீறல்.

ஆவுடையாள் கணவனைப் பார்த்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தது.

“மழைக்குப் பயந்துட்டேன்” என்றான் அவன். “நம்ம பிள்ளைக்காகத்தான்.”

இலையில் வந்த கறி எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

கடற்பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த முறை காற்று இல்லை. களத்தில் இருந்தவர்களுள் உப்பு வைத்திருந்தவர் ஒருவருமில்லை. எல்லாம் அளந்து கொட்டப்பட்டுப் பண்டசாலைக்குள் போய்விட்டது. கூப்பிடு தொலைவில் அளங்காத்தாளின் குதிர் மட்டும் நிறைந்து நின்றது. ஆவுடையாள் சுமந்து சென்ற அறுபது மரக்காலில் யாருமற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக, ஐம்பதுக்குக் குறையாமல் அதில் இருந்தது.

அரியநாயகமும் அதைத்தான் பார்த்தார். “ஏன் கலங்கணும்? அங்க உப்பு இருக்கு. நீ போட்டதுதானே? நாப்பதை எடுத்து அளந்துட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போ. நானா தடுக்கேன்?”

ஊரார் பிள்ளையையும் குதிர் இருந்த பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். எடு என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. எடுக்காதே என்று சொல்லவும் ஒருவருக்கும் மனமில்லை.

ஆவுடையாள் குதிரின் பக்கம் திரும்பவில்லை. “அதுல நான் கை வச்ச மறு நிமிஷம் உங்க பண்டசாலைக் கதவு பூட்டிக்கும், ஐயா” என்றாள். “நீயும் எடுத்தே, நானும் எடுத்தேன்னு சொல்லுவீங்க. அப்புறம் இந்த நூறு வீட்டுப் பிள்ளைகளும் இந்தத் தூண்லதான் நிப்பாங்க.” அவள் வாய் சரியானதைச் சொல்லிவிட்டது. அவளோ தூணருகில் போய் மகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

அப்போது இருளப்பன் எழுந்தான். அவன் தன் வாழ்நாளில் சபையின் முன்னே பேசியதில்லை.

“ஓலையில இருக்கிறது என் கீறல்” என்றான். “மகனை ஏத்தி அனுப்பின ஓலையிலயும் என் கீறல்தான். அன்னைக்குக் கீறினவன் இங்க நின்னான். கீறாதவன் தோணியில போனான். அப்ப யாரும் கேக்கல. நானும் கேக்கல. இப்பக் கேக்கேன். கீறினவன் போகக்கூடாதா?”

பிள்ளையை ஈடாக எழுதுவது வழக்கமாக இருந்தது. ஈடாக எழுதியவனே தான் போகிறேன் என்று சொல்வது வழக்கத்தில் இல்லை. முடிவில் தலைவர், “கீறினவன் போகலாம்” என்றார். அரியநாயகம் மறுக்கவில்லை. பத்து வயதுப் பெண்ணைவிட உப்பு வாரத் தெரிந்த ஆண் அவருக்கு உதவுவான்.

கடலுக்குள் ஒரு தீவில் அவருக்கு அளம் இருந்தது. நிழல் தர ஒரு மரமும் இல்லாத தீவு. அங்கே ஓராண்டு உழைத்தால் நாற்பது மரக்கால் கழியும் என்று எழுதினார்கள். தோணி அன்று மாலையே புறப்பட்டது.

“எப்ப வருவீங்க, அப்பா?” என்று கேட்டாள் செம்பவளம்.

“நாப்பது எண்ணினதும் வந்துருவேன், தாயி.”

அவள் கரையில் நின்றபடியே எண்ணத் தொடங்கினாள். எதை எண்ணவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மழை இறங்கியது.

அந்த ஆண்டு ஆவுடையாளும் மகளும் மட்டும் பாத்தி கட்டினார்கள். அதே கணக்கு, ஆனால் கடனுக்கு என்று இப்போது எடுத்துவைக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து பங்கில் இரண்டைத் தானியமாக மாற்றி வைத்தாள். மூன்றை விற்று, அரியநாயகத்திடம் வாடகைக்கு வாங்கிவந்த உப்புவாரிப் பலகையைக் கைவிட்டுச் சொந்தமாக ஒன்று செய்துகொண்டாள். குதிர் நிறைந்தது. அரியநாயகமும் தவணைதோறும் வண்டி அனுப்பினார். அனுப்பாமல் இருக்க அவரால் முடியவில்லை, ஏனென்றால் ஊர் இப்போது எண்ணியது.

அடுத்த புரட்டாசி முடிந்தது. ஐப்பசியில் ஒரு பகல் வேளையில் தீவுத் தோணி வந்தது. துடுப்புக்காரன் ஒருவன் ஆவுடையாளின் வீட்டைத் தேடி வந்தான். அவன் கையில் கிழித்த ஓலையும் ஓர் இடுப்புத்துணியும் இருந்தன.

“ஆவணியிலேயே காய்ச்சல் கண்டுருச்சும்மா” என்றான். “கண்ணும் மங்கிப்போச்சு, அந்த வெள்ளை வெயில்ல எல்லாருக்கும் மங்கும். கங்காணிகிட்ட மருந்து இருந்துச்சு. பத்து மரக்காலுக்கு எழுதிக்கிட்டுத் தரேன்னாரு. நாங்க எல்லாரும் கெஞ்சினோம். உங்க வீட்டுக்காரர் வாங்கமாட்டேன்னுட்டார். இனி எழுதவேண்டாம், என் பேருல எதையும் எழுதவேண்டாம்னே சொல்லிக்கிட்டு இருந்தார். படுத்துக்கிட்டே நாளை எண்ணினார். நாப்பதும் கழிஞ்சுது, ஓலையைக் கிழிச்சுக் கையில குடுத்தாங்க. தடவிப் பாத்தார். மறுநாள் காலையில போயிட்டார்.”

ஆவுடையாள் கிழிந்த ஓலையை வாங்கிக்கொண்டாள். செம்பவளம் இடுப்புத்துணியை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஊரில் இறந்தவருக்குப் பதினாறாம் நாள் ஊரையே அழைத்துச் சோறு போடவேண்டும். போடாவிட்டால் இறந்தவரின் ஆவி அலையும் என்று சொல்வார்கள். பல வீடுகளில் அந்தச் சோற்றுக் கடனே பேரன் காலம்வரை நீளும். பன்னிரண்டாம் நாள் அரியநாயகத்தின் ஆள் வந்தான்.

“காரியத்துக்கு என்ன வேணுமோ ஐயா வாங்கிக்கச் சொன்னாங்க. நல்ல மனுசனுக்குச் செய்யறது; வட்டி வேண்டாமாம்.”

பக்கத்து வீட்டு மதினியும் மெல்லச் சொன்னாள்: “அவரு ஆத்துமாவுக்காகவாவது வாங்கிக்க, ஆவுடையா. ஊரு என்ன சொல்லும்?”

ஆவுடையாள் வீட்டில் இருந்த தானியத்தை அளந்தாள். மூன்று மரக்கால் கேழ்வரகு இருந்தது. மழைக்காலம் முழுவதும் இரண்டு பேர் அதைக்கொண்டு வாழவேண்டும். முதல் மரக்காலை எடுத்துத் தனியே வைத்தாள்.

பதினாறாம் நாள் அந்த ஒரு மரக்காலைக் கூழாகக் காய்ச்சி அளங்காத்தாளின் கல்லருகே கொண்டுபோனாள். ஊரை அழைக்கவில்லை. குதிரில் உப்பு அள்ள வந்தவர்களை உட்காரச் சொன்னாள். பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேரும் குடித்தார்கள். அவர்களில் எவருக்கும் இருளப்பனைத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லும்படி அவள் கேட்டாள், சொன்னார்கள். அதுதான் அவனுக்கு நடந்த காரியம்.

அரியநாயகத்தின் ஆள் கடைசிவரை காத்திருந்து, வெறும் ஓலையோடு திரும்பினான்.

அன்று ஊரில் ஓலை எழுதப்படாத வீடு என்று ஒன்று இருந்தது. அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். நான்கு பேர் இருந்திருக்கவேண்டும்.

கேட்டவர்களே, இதை மறவாதீர்கள்: தெய்வத்துக்காகக் கடன் வாங்குகிறவன் தன் பிள்ளைகளை அடகு வைக்கிறான், உள்ளதில் முதல் பங்கைத் தன் கையால் தெய்வத்துக்குச் சேர்த்து, மிச்சத்தை எண்ணிச் செலவிடுகிற குடும்பமே விடுதலை அடையும்.